நீ அன்று கேட்ட கேள்வி

அன்பு மாப்ளே,

நலமா? அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று கேள்விப்பட்டேன். அவரைக் கேட்டதாகச் சொல். இங்கே எல்லோரும் சுகம். நான்கு நாளாக விடாத மழை, வேலைக்குப் போய் வருவதுதான் பெரும்பாடு.

போனில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை என்பதால் எழுத உட்கார்ந்தேன். மகள் பிளஸ் ஒன்னில் கணக்கு குரூப் எடுத்திருக்கிறாள். போன வாரம் ஒரு கணக்கைக் கொண்டுவந்து காட்டினாள். முதல் உறுப்பு √2. அதோடு 2-ஐக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் அடுத்த உறுப்பு. அதோடு மறுபடி 2-ஐக் கூட்டி வர்க்கமூலம். இப்படியே போகும் தொடர்வரிசைக்கு எல்லை, அதாவது உறுப்புகள் நெருங்கிக்கொண்டே போகும் எண், என்ன? பார்த்ததும் உன் முகம்தான் ஞாபகம் வந்தது.

நமக்கு வகுப்பில் சொல்லிக்கொடுத்த வழி நினைவிருக்கிறதா? எல்லையை எ என்று வை. எ² = 2 + எ. தீர்த்தால் 2 அல்லது −1. உறுப்புகள் எல்லாம் மிகை எண்கள், அதனால் விடை 2. மூன்று வரியில் முடிந்தது. நீ மட்டும் எழுந்து, "சார், எல்லை இருக்குன்னு முதல்ல எப்படித் தெரியும்?" என்று கேட்டாய். பரீட்சைக்கு இது போதும், உட்கார் என்று பதில் வந்தது. வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். அதற்கு இன்று மன்னிப்புக் கேட்கிறேன். நீ கேட்டதுதான் மாப்ளே அந்தக் கணக்கே.

மகளும் அதே மூன்று வரியைத்தான் எழுதியிருந்தாள். உன் கேள்வியை அவளிடம் கேட்டேன். "அதான் விடை வந்துருச்சேப்பா" என்றாள். சரி, இதைப் போடு என்று வேறொன்று கொடுத்தேன். 1-இல் தொடங்கு, இரண்டு மடங்காக்கி 1-ஐக் கூட்டு. 1, 3, 7, 15, 31. அதே வழியில் எ = 2எ + 1 என்று எழுதினாள், எ = −1 என்று வந்தது. ஏறிக்கொண்டே போகிற எண்கள் எப்படி −1-இல் போய்ச் சேரும்? ரொம்ப நேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லை என்று ஒன்று இருந்தால் அது எதுவாக இருக்க முடியும் என்பதை மட்டுமே அந்தச் சமன்பாடு சொல்கிறது. இருக்கிறதா என்பதை நாம்தான் காட்ட வேண்டும்.

அப்புறம் பழைய கணக்குக்கே திரும்பினோம். போன் கால்குலேட்டரில் அவளே தட்டினாள்: 1.4142, 1.8478, 1.9616, 1.9904, 1.9976. ஏறுகிறது, ஆனால் 2-ஐத் தாண்டவில்லை. ஏன் தாண்டாது? 2-க்குக் குறைந்த எண்ணோடு 2-ஐக் கூட்டினால் 4-க்குக் குறைவு, வர்க்கமூலம் 2-க்குக் குறைவு. இதை அவளே சொல்லிவிட்டாள். ஏன் ஏறுகிறது என்பதற்குத்தான் கொஞ்சம் மல்லுக்கட்டினோம். 2-க்குக் குறைந்த ஒரு மிகை எண்ணை எடுத்துக்கொள். அதன் வர்க்கம் அதன் இரண்டு மடங்கைவிடக் குறைவு. இரண்டு மடங்கு என்றால் அதே எண்ணை இரண்டு முறை கூட்டுவது. அதில் ஒன்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 2-ஐ வைத்தால் இன்னும் கூடும். ஆக, அந்த எண்ணின் வர்க்கம் எண்ணோடு 2-ஐக் கூட்டியதைவிடச் சிறியது. வர்க்கமூலம் எடுத்துப் பார், அடுத்த உறுப்பு பெரியது.

ஏறிக்கொண்டே இருக்கிறது, ஒரு வரம்பையும் தாண்டவில்லை, அப்படியானால் எல்லை உண்டு. இது கண்ணுக்கு நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் 1858-இல் சூரிச்சில் நுண்கணிதப் பாடம் நடத்திக்கொண்டிருந்த டெடிகிண்ட் என்ற ஜெர்மானியருக்கு இதே இடத்தில்தான் இடித்தது. படம் போட்டுக் காட்டிச் சமாளிக்க முடிந்தது, நிரூபிக்க அடிப்படை இல்லை. அந்த ஆண்டு நவம்பர் 24-ஆம் தேதி, மெய்யெண்கள் என்றால் என்ன என்பதையே புதிதாக வகுத்து அதற்கு வழி கண்டார். புத்தகமாக வெளியிட்டது 1872-இல். வழி கண்டபோது அவருக்கு 27 வயதுதான், ஆசிரியர் வேறு. உனக்கு 16. அவரை உறுத்திய கேள்விக்குப் பக்கத்தில்தான் நீ எழுந்து நின்றிருக்கிறாய். இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

இன்னொன்று. நேற்று மகள் ஒவ்வோர் உறுப்பும் 2-க்கு எவ்வளவு குறைகிறது என்று எழுதி வைத்திருந்தாள்: 0.5858, 0.1522, 0.0384, 0.0096. ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய கால்வாசியாகிறதே, ஏன் என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை, அவளே போட்டுக்கொண்டிருக்கிறாள். 2-இலிருந்து வர்க்கமூலத்தைக் கழிக்கும் இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்று உனக்குத் தெரிந்திருக்கும். பொங்கலுக்கு வரும்போது அவள் கேட்டாலும் உடனே சொல்லிவிடாதே.

உன்
மாப்ளே