ஆறு மாதம், ஆனால் எந்த நாளிலிருந்து?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் சட்டக் கேள்வி-பதிலில், கணவன் மனைவி இருவரும் சம்மதித்தால் விவாகரத்துக்கு எங்கே போக வேண்டும், எத்தனை நாள் ஆகும் என்று ஒரு சகோதரி கேட்டிருந்தார். "திருமணம் நடந்த ஊர் நீதிமன்றத்தில் மனுச் செய்யுங்கள், ஆறு மாதத்தில் கிடைத்துவிடும்" என்று ஒரே வரியில் பதில் போட்டிருந்தீர்கள். பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் இதே ஒரு வரியை நம்பி அலைந்தவள் நான். அதனால்தான் எழுதுகிறேன்.

என் மகளுக்குக் கல்யாணம் நடந்தது திருச்செந்தூரில். குடித்தனம் ஓசூரில். பிரிந்து வந்தபின் அவளுக்கு வேலை கிடைத்தது வேறொரு ஊரில். ஆக மூன்று ஊர், மூன்று மாவட்டம். நாங்கள் முதலில் போய்ப் பார்த்த வக்கீல், உங்கள் பதிலைப் போலவே, தாலி கட்டிய ஊரில்தான் போட வேண்டும் என்றார். மாப்பிள்ளை ஓசூரிலிருந்து வர ஒரு ராத்திரி, மகள் வர ஒரு ராத்திரி. (இன்னும் வாயில் மாப்பிள்ளை என்றுதான் வருகிறது. மாற்ற முடியவில்லை.) கல்யாண மண்டபம் பிடிக்கும்போது இதையெல்லாமா யோசிப்போம்?

இரண்டாவதாகப் பார்த்த வக்கீலம்மாதான் இந்து திருமணச் சட்டம் 19-ஆம் பிரிவை எடுத்துக் காட்டினார். கல்யாணம் நடந்த இடம், இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம், எதிர்த்தரப்பு வசிக்கும் இடம், இதில் எங்கே வேண்டுமானாலும் போடலாம். அதோடு 2003-இல் ஒரு திருத்தம் வந்திருக்கிறது. மனைவி மனுதாரராக இருந்தால் அவள் இப்போது வசிக்கும் ஊரிலேயே போடலாம். பரஸ்பர சம்மத மனுவில் இருவருமே மனுதாரர்கள் என்பதால் மகள் வேலை பார்க்கும் ஊரிலேயே தாக்கல் செய்தோம். குடும்ப நல நீதிமன்றம் இருக்கும் ஊரில் அங்கே, இல்லாத ஊரில் சார்பு நீதிமன்றம். கல்யாணப் பத்திரிகை, மாலையும் கழுத்துமாக இருவரும் நிற்கும் போட்டோ, இருவர் ஆதார், திருமணப் பதிவுச் சான்று ஆகியவற்றைக் கேட்டார்கள். நல்லா இருக்கட்டும் என்று ஆல்பத்தில் ஒட்டிய போட்டோவை அதற்காகப் பிய்த்தெடுத்தது ஒரு தனிக் கொடுமை.

இனி அந்த ஆறு மாதத்துக்கு வருகிறேன். முதலில், அது தொடங்குவதற்கு முன்பே ஒரு வருடம் உண்டு. பரஸ்பர சம்மத விவாகரத்துக்கான 13பி பிரிவில் மனுச் செய்ய வேண்டுமானால் அதற்கு முன் குறைந்தது ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். பிரிந்து என்றால் வேறு வேறு வீடு என்றுகூட அர்த்தமில்லை, ஒரே கூரைக்குக் கீழே இருந்தாலும் கணவன் மனைவியாக வாழவில்லை என்றால் போதும் என்று 1991-இல் சுரேஷ்டா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்கள் பதிலில் இந்த ஒரு வருடம் பற்றி ஒரு சொல் இல்லை. நேற்றுச் சண்டை போட்டு இன்றைக்கு மனுப் போட்டால் ஆறாம் மாதம் கையில் தீர்ப்பு என்றுதானே அந்தச் சகோதரி நினைத்திருப்பார்?

அடுத்து, ஆறு மாதத்தை எந்த நாளிலிருந்து எண்ணுவது? சட்டம் சொல்வது மனுவைத் தாக்கல் செய்த நாளிலிருந்து. ஆறு மாதத்துக்கு முன் முடியாது, பதினெட்டு மாதத்துக்குள் இருவரும் வந்து "இன்னமும் இதே முடிவுதான்" என்று சொல்ல வேண்டும். நாங்கள் மார்ச்சில் தாக்கல் செய்தோம். நம்பர் விழவே மூன்று வாரம் ஆயிற்று. மே மாதம் கோடை விடுமுறை. முதல் வாய்தா ஜூனில். அங்கிருந்து எண்ணி டிசம்பருக்குத் தள்ளிவிட்டார்கள். வக்கீலம்மா தாக்கல் தேதியைக் காட்டி மெமோ போட்ட பிறகு அக்டோபருக்கு வந்தது. அன்று நீதிபதி விடுப்பு. நவம்பரில் தீர்ப்பு. சான்றிட்ட நகல் கைக்கு வந்தபோது மார்கழிக் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். இதுதான் உங்கள் ஆறு மாதம்.

இதில் எனக்கு இன்றும் ஆறாத விஷயம் ஒன்று. 2017 செப்டம்பரில் அமர்தீப் சிங் வழக்கில், இந்த ஆறு மாதக் காத்திருப்பு கட்டாயமில்லை, நீதிபதி விரும்பினால் தள்ளுபடி செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சேர்த்து வைக்கும் முயற்சியெல்லாம் தோற்றிருக்க வேண்டும், ஜீவனாம்சம், பிள்ளை யாரிடம் என்பதெல்லாம் பேசி முடித்திருக்க வேண்டும். முக்கியமாக, மனு முதலில் வரும்போதே ஒன்றரை வருடம் பிரிந்திருக்க வேண்டும். அப்படியிருந்தால் முதல் மனுவுக்கு ஒரு வாரம் கழித்து, காத்திருப்பைத் தள்ளுபடி செய்யக் கேட்டு மனுப் போடலாம். நாங்கள் தாக்கல் செய்தபோது பிரிந்து பதினான்கு மாதம். அவசரப்படாமல் இன்னும் நான்கு மாதம் பொறுத்து ஜூலையில் போட்டிருந்தால், நீதிபதி மனது வைத்திருந்தால், நவம்பருக்கு முன்பே முடிந்திருக்கலாம். பொறுத்திருந்தால் சீக்கிரம் முடியும் என்பது எங்களுக்கு யாரும் சொல்லாத கணக்கு. ஓராண்டைத் தாண்டி ஒன்றரை ஆண்டை நெருங்கிக்கொண்டிருப்பவர்கள் இதை வக்கீலிடம் கட்டாயம் கேட்க வேண்டும்.

இது இந்துத் திருமணத்துக்கான கதை. சிறப்புத் திருமணச் சட்டத்திலும் அதே ஓராண்டுதான். கிறிஸ்தவர்களுக்கு 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தின் 10ஏ பிரிவில் இரண்டு ஆண்டு என்று எழுதியிருக்கிறது. கேரள உயர் நீதிமன்றம் 2010-இல் அதை ஓராண்டாகக் குறைத்துப் படித்தது.

எங்கள் சொந்தத்தில் இன்னொரு வழக்கம் இருக்கிறது. ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, 20 ரூபாய் பத்திரத்தில் எழுதி, நோட்டரி முத்திரையும் குத்தி, "தீர்த்து விட்டாச்சு" என்பார்கள். எங்களுக்கும் அந்த யோசனை வந்தது. ஒரே நாளில் முடிந்திருக்கும். ஆனால் அந்தச் சாதியில் அப்படியொரு வழக்கம் காலங்காலமாக இருந்தது என்று நிரூபிக்க முடிந்தால் மட்டுமே இந்து திருமணச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு அதை ஏற்கும். மற்றபடி அது வெறும் காகிதம். அதை நம்பி மறுமணம் செய்தால் இருதார மணக் குற்றம், இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 82-ஆம் பிரிவு.

சம்மதம் என்பது தீர்ப்பு நாள் வரை சம்மதம். இடையில் ஒருவர் "எனக்கு இஷ்டமில்லை" என்றால் மனு அதோடு சரி. அதனால்தான் எல்லோரும் நகையில் பாதியை முதல் வாய்தாவிலும் மீதியைக் கடைசி வாய்தாவிலும் கொடுத்து வாங்குகிறார்கள். எங்களுக்கும் அப்படித்தான். கடைசி நாள் நீதிமன்ற வாசலில் குட்டி யானையைக் கொண்டுவந்து நிறுத்தி, சீர்வரிசைப் பட்டியலைப் படிக்கப் படிக்க ஒவ்வொன்றாக இறக்கினார்கள். குத்துவிளக்கு இரண்டு, டிக். சருவப்பானை, டிக். குக்கரைத் திறந்து பார்த்தேன், குண்டு இல்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை. மாப்பிள்ளையே பேன்ட் பையில் கைவிட்டு எடுத்து நீட்டினார். வழியில் விழுந்துவிடும் என்று தனியாக வைத்திருந்தாராம். உள்ளே நீதிபதி, "யாராவது வற்புறுத்தினார்களா?" என்று இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டார். இல்லை என்றார்கள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

செலவுக்கு வழியில்லாத பெண்கள் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கேட்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது. தொலைபேசி எண் 15100. வழக்குக்குக் கிடைக்கும் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணை வைத்து அடுத்த வாய்தாவைக் கைப்பேசியிலேயே பார்த்துக்கொள்ளலாம். தேதி கேட்க மட்டும் பஸ் ஏற வேண்டாம்.

அடுத்த இதழில் அந்தப் பதிலைத் திருத்தி வெளியிடுங்கள். ஓராண்டு பிரிந்து வாழ்வது, மனைவி வசிக்கும் ஊர், தாக்கல் தேதி, இந்த மூன்று விஷயமாவது இருக்கட்டும். பெயரும் முகவரியும் தங்கள் பார்வைக்குத் தனித்தாளில் வைத்திருக்கிறேன். இதழில் போட வேண்டாம். மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோவில்பட்டி.