கயல் திரும்பி வந்துவிட்டாள்

அன்புள்ள முருகேசா,

பொங்கலுக்கு நீ எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் போடவில்லை, கோபித்துக்கொள்ளாதே. வீட்டில் எல்லோரும் நலம். கோபால் உன் சைக்கிளை இந்த மாதம் கட்டாயம் திருப்பித் தருவதாகச் சொல்கிறான், நம்பாதே. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன வாரம் என் மகள் கயல் இரண்டு பைகளோடு வந்து வாசலில் நின்றாள். வேலை போய்விட்டது.

ஓசூர்ப் பக்கம் மின்சார ஸ்கூட்டருக்கு பேட்டரி பேக் செய்யும் கம்பெனியில் சேர்ந்தாள் அல்லவா? முதல் வருஷம் அப்ரண்டிஸ், அதாவது பயிற்சியாளர். மாதம் 14,000 ரூபாய், ஹாஸ்டலுக்கும் சாப்பாட்டுக்கும் பிடித்ததுபோக ஒன்பதாயிரம் சொச்சம். பிஎஃப் சேமிப்பு கிடையாது, இஎஸ்ஐ மருத்துவக் காப்பீடு கிடையாது. ஒரு வாரம்தான் வகுப்பு. எட்டாம் நாளே உற்பத்தி லைனில் நிறுத்திவிட்டார்கள். வருஷம் முடிந்ததும் ஒரு காண்ட்ராக்டர் பெயரில் அதே லைன், அதே இடம். இப்போது அதுவும் முடிந்தது. அவள் நின்ற இடத்தில் மறுநாளே புது பேட்ச் வந்துவிட்டதாம்.

வேலைக்குப் போன நாளையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். 461 நாள். எனக்கு வயிறு எரிந்தது. 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று 1981-இல் நம் மாநிலம் போட்ட சட்டம் உனக்கு நினைவிருக்கும். தொழிற்சங்கத்தின் கேட் கூட்டத்தில் நாம் எத்தனை முறை அதைப் பேசியிருக்கிறோம்! 19 நாள் பாக்கி இருக்கும்போது அனுப்பிவிட்டார்கள். அதிலும் முதல் வருஷம் கணக்கிலேயே வராது என்கிறார்கள். 1961-ஆம் வருஷத்து அப்ரண்டிஸ் சட்டப்படி பயிற்சியில் இருப்பவர் தொழிலாளி இல்லை, ஆகவே தொழிலாளர் சட்டங்களும் பொருந்தாது. ஆனால் ஷிப்டும் டார்கெட்டும் மட்டும் மற்றவர்களுக்கு இருந்ததுபோலவே இவளுக்கும் இருந்தன.

நாமும் அப்ரண்டிஸாக இருந்தவர்கள்தானே என்பாய். இருந்தோம். முடித்ததும் நம்மை உள்ளே எடுத்தார்கள். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை சம்பள ஒப்பந்தம் போட்டோம். சென்னை பாடியில் இந்த வீடே அதில் வந்த சம்பள பாக்கிப் பணத்தில் எழுந்ததுதான்.

மின்சார வண்டி வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். கயல் அந்த வேலையைப் பற்றிப் பேசும்போது நீ கேட்க வேண்டும்! செல்லை வோல்டேஜ் பார்த்துப் பிரித்துக் கோப்பது, வெல்டிங் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று பார்ப்பது, கையில் பட்டை கட்டி உடம்பின் மின்சாரத்தைத் தரைக்கு இறக்குவது என்று மணிக்கணக்கில் சொல்கிறாள். ஒரு செல் தப்பாக மாட்டினால் வண்டி தீப்பிடிக்கவும் கூடும். இவ்வளவு பொறுப்பான வேலையைச் செய்கிறவளைப் பயிற்சியாளர் என்றே வைத்திருப்பது என்ன நியாயம்?

அரசின் 2023 மின்வாகனக் கொள்கை 50,000 கோடி ரூபாய் முதலீடு, ஒன்றரை லட்சம் வேலை என்கிறது. வரட்டும், மனதார வரவேற்கிறேன். ஆனால் அதில் எத்தனை நிரந்தரம், எத்தனை பேருக்கு பிஎஃப் என்று கேட்டுவிட்டுத்தான் சலுகை கொடுக்க வேண்டும். ஏனென்றால் இந்தப் பக்கம் பறிபோகிற வேலையும் அதிகம். மின்சார வண்டியில் பிஸ்டன் இல்லை, ரிங் இல்லை, வால்வு இல்லை, சைலன்சர் இல்லை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இவற்றைக் கடைந்தே பிழைக்கிற பட்டறைகள் எத்தனை என்று உனக்குத் தெரியும். எங்கள் பட்டறையில் வால்வு ஆர்டர் குறைந்து இரண்டு மெஷின் சும்மா நிற்கிறது. அப்பாவின் வேலை இப்படிக் கரைகிறது, மகளின் வேலையோ 461 நாளில் முடிந்துவிட்டது. ராத்திரி தூக்கம் வருவதில்லை முருகேசா.

உன்னிடம் இரண்டு உதவி. சங்கத்துக்கு வாதாடினாரே, அந்த வக்கீலின் நம்பர் உன்னிடம் இருக்கும், அனுப்பு. கயல் சம்பளச் சீட்டு, ஷிப்ட் அட்டவணை எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருக்கிறாள். சம்பளத்தோடு எடுத்த லீவு நாளும் 480-இல் சேருமா, பயிற்சி என்ற பெயரில் உற்பத்தி வேலை வாங்கியதைக் கேள்வி கேட்க முடியுமா என்று அவரிடம் கேட்க வேண்டும். கூட வேலை பார்த்த ஆறு பெண்களும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

அப்புறம், கோயம்புத்தூரில் மோட்டார் வைண்டிங் வேலை தெரிந்தவர்களை மின்சார வண்டிக் கம்பெனிகள் தேடுவதாக நீ எழுதியிருந்தாய். அது நிரந்தர வேலையா என்று முதலில் விசாரித்துச் சொல். அதற்கப்புறம்தான் கயலிடம் பேச்சை எடுப்பேன்.

அன்புடன்,
சேகர்