3 மி.மீ. சரி, எத்தனை மீட்டருக்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

தை பிறந்ததும் அஸ்திவார வேலைகள் சூடுபிடிக்கும். டியூப்பில் தண்ணீர் பிடித்து மட்டம் பார்த்த மேஸ்திரிகளும் இப்போது லேசர் கேட்கிறார்கள். பல கடைகளில் அவர்களிடம் நீட்டப்படுவது ‘360 டிகிரி, 16 லைன், பச்சை லேசர்’ என்று எழுதிய பெட்டி. அது டைல்ஸுக்கும் ஃபால்ஸ் சீலிங்குக்கும் ஆன கருவி. உச்சி வெயிலில் அதன் கோடு கண்ணுக்கே தெரியாது. பல்ஸ் வசதி (கோட்டை வேகமாக விட்டுவிட்டு ஒளிரவைப்பது) இருந்தால், கதிரை உணர்ந்து காட்டும் ரிசீவரோடு ஓரளவு சமாளிக்கலாம், அவ்வளவுதான். வெளிவேலைக்கு வேண்டியது ரோட்டரி லேசர். தலை சுழன்று ஒரே கதிரை மனை முழுக்க வீசும். ஸ்டாஃபில், அதாவது நிமிர்த்திப் பிடிக்கும் நீள அளவுகோலில், மாட்டிய ரிசீவர் அதைப் பிடித்து ‘பீப்’ ஒலி கொடுக்கும்.

கதிரைத் தேடுவது ரிசீவர்தான், கண் அல்ல. எனவே வெளியில் பச்சைக்குக் கூடுதல் பணம் கொடுப்பது வீண். சிவப்பே போதும், பேட்டரியும் கூடுதல் நேரம் வரும். சிவப்புக்கான ரிசீவர் பச்சைக் கதிரைப் பிடிக்காமல் போகலாம் என்பதால் லேசரையும் ரிசீவரையும் ஜோடியாகவே வாங்க வேண்டும். ரிசீவரின் கண்ணாடி நீளமாக இருந்தால் கதிர் சீக்கிரம் சிக்கும். மிக்சர் ஓடும் இடத்திலும் கேட்கிற அளவு சத்தம், முன்னும் பின்னும் திரை, ஸ்டாஃபில் இறுகப் பிடிக்கும் கிளாம்ப் ஆகியவற்றைக் கடையிலேயே பார்த்துவிடலாம்.

அடுத்தது துல்லியம். இரண்டு கருவிகளை எடுத்தால் இரண்டின் பெட்டியிலும் ‘±3 மி.மீ.’ என்றே இருக்கலாம். ஒன்றில் அது 10 மீட்டருக்கு, இன்னொன்றில் 30 மீட்டருக்கு. முதல் கருவி 30 மீட்டரில் 9 மி.மீ. வரை தவறலாம். ஃபுட்டிங் (தூணின் அடித்தளம்), தூண், பிளிந்த் பீம் (வீட்டுத் தரைமட்டத்தில் ஓடும் உத்தரம்) ஆகியவற்றுக்கு 30 மீட்டருக்கு 1.5 மி.மீ. உள்ளதை எடுங்கள். மண் வேலைக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் 3 மி.மீ. தாராளம். ‘500 மீட்டர்’ என்று பெரிதாகப் போட்டிருப்பது பெரும்பாலும் விட்டம்; ஒரு பக்கத்துக்கு 250தான். வீட்டு மனையில் அதுவும் தேவைப்படாது.

பெட்டியில் எழுதியிருப்பதை நம்ப வேண்டியதில்லை, கடை வாசலிலேயே சோதிக்கலாம். சுவரிலிருந்து 30 மீட்டர் தள்ளி டிரைபாடில் வைத்து, ரிசீவரை நுண்ணிய அளவில் போட்டு, கதிர் விழும் உயரத்தைக் குறியுங்கள். கருவியை மட்டும் கால் சுற்று திருப்பி, அது தானாக மட்டமாகும்வரை பொறுத்து, மறுபடி குறியுங்கள். இப்படி நான்கு குறிகள். முதலாவதும் மூன்றாவதும் ஒரு ஜோடி, இரண்டாவதும் நான்காவதும் ஒரு ஜோடி. ஜோடிக்குள் உள்ள வித்தியாசத்தில் பாதிதான் பிழை. 7 மி.மீ. வித்தியாசம் வந்தால் பிழை 3.5, 1.5 என்று சொல்லி விற்ற கருவியானால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடலாம். தெருவில் 15 மீட்டர்தான் கிடைக்கிறது என்றால் அனுமதிக்கும் அளவையும் பாதியாக்குங்கள். கதிர் கூம்புபோல் மேலோ கீழோ சாயும் குறை இந்தச் சோதனையில் அகப்படாது. அதற்காகத்தான் கருவியை மனையின் ஓரத்தில் வைக்காமல் நடுவில் வைக்கச் சொல்வது. எல்லாப் புள்ளிகளும் ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருந்தால் அந்தப் பிழை தெரியாமல் கழிந்துபோகும்.

வெளிவேலையில் பெரிய ஆபத்து வேறொன்று. சித்தாள் ஒருவரின் கால் டிரைபாடில் பட்டுவிடுகிறது, அல்லது புதிதாகக் கொட்டிய மண்ணில் ஒரு கால் இறங்கிவிடுகிறது. கருவி தானே மட்டம் சரிசெய்துகொண்டு, ஒன்றும் நடக்காததுபோல் சுழலும். மட்டம் சரிதான், உயரம் மட்டும் மாறியிருக்கும். அதன்பின் போட்ட குறிகள் எல்லாமே தவறு. இப்படி அசைந்தால் சுழற்சியை நிறுத்தி எச்சரிக்கும் வசதி இல்லாத ரோட்டரியை வாங்காதீர்கள். இருந்தாலும் வேலை முடிகிற நேரத்தில் பெஞ்ச்மார்க்கில், அதாவது காலையில் உயரம் எடுத்த அசையாத குறியில், ஸ்டாஃபை மீண்டும் வைத்துப் பார்க்க வேண்டும். காலையில் வந்த எண்ணே வந்தால்தான் அன்றைய குறிகள் செல்லும்.

ஸ்டாஃபைப் பிடிப்பவரும் முக்கியம். 2 மீட்டர் உயரத்தில் 5 டிகிரி சாய்ந்தாலே ஏறக்குறைய 7.5 மி.மீ. கூடுதலாகக் காட்டும். ஸ்டாஃபில் படிக்கும் எண் கூடினால் இடம் பள்ளம், குறைந்தால் மேடு. சாலையில் 1.650 வந்தால், அதைவிட 0.900 மீட்டர் உயரும் பிளிந்தின் மேல்மட்டத்தில் 0.750 வர வேண்டும். புதிதாகப் பழகுபவர்கள் இதைத் தலைகீழாகக் கூட்டிவிடுகிறார்கள்.

சரிவு வைக்கும் டிஜிட்டல் வசதிக்கு விலை எகிறும். 12 மீட்டர் கழிவுநீர்க் குழாய்க்கு 100க்கு 1 சரிவு என்றால், மீட்டருக்கு 10 மி.மீ. வீதம் ஸ்டாஃப் எண்ணைக் கூட்டிக்கொண்டே போனால் போதும். விளையாட்டுத் திடல், பெரிய கிடங்குத் தளம் போடுபவர்களுக்குத்தான் அந்த வசதி. இரண்டு ஆள் எப்போதும் இருக்கிற சிறு வேலைக்கு, பொதுவாக விலை குறைந்த ஆட்டோ லெவலே (தொலைநோக்கி வழியாக ஸ்டாஃபைப் படிக்கும் கருவி) போதும் என்பது என் கருத்து. காற்றுக் குமிழி இல்லாத தண்ணீர் டியூப்பும் லேசருக்கு இளைத்ததல்ல.

தட்டைத் தலை டிரைபாட், தூசியும் தண்ணீரும் தாங்கும் ஐபி 65 அல்லது அதற்கு மேல், மின்சாரம் இல்லாத காலி மனையில் சாதா பேட்டரியும் போட இடம் ஆகியவை இருக்கட்டும். கதிர் ஆட்களின் கண் உயரத்தில் ஓடாதபடி டிரைபாடை ஏற்றியோ இறக்கியோ வையுங்கள். மதிய அனலில் தரையை ஒட்டி ஓடும் கதிர் நடுங்கும். முக்கியக் குறிகளைக் காலையிலேயே முடித்துவிடலாம். மழையில் நனைந்த கருவியை அப்படியே பெட்டியில் பூட்டினால் உள்ளே ஆவி படியும்.

விற்பனையாளர்களிடம் ஒரு வேண்டுகோள்: பில்லில் ‘லேசர் லெவல் – 1’ என்று மட்டும் எழுதாமல், 30 மீட்டருக்கு எத்தனை மி.மீ. என்பதையும், உடன் தரும் ரிசீவரின் மாடல் எண்ணையும் எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
கட்டட மேற்பார்வையாளர் ஒருவர்,
திருச்சி