உன் புது விளக்கைப் பற்றி

அன்பு நண்பா,

அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் நிம்மதி வந்தது. நான் விசாரித்ததாகச் சொல். இங்கே மகள் வேலைக்குச் சேர்ந்து வெளியூர் போய்விட்டாள். வீடு வெறிச்சென்று கிடக்கிறது. சாயங்காலம் முழுக்க பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். உன் பவளத் தொட்டியின் புது எல்இடி விளக்கை எத்தனை சதவீத வெளிச்சத்தில் வைப்பது என்று கேட்டிருக்கிறாய். சதவீதத்தைச் சொல்லிப் பயனில்லை. ஒரு விளக்கின் 40 சதவீதம் இன்னொன்றின் 80 சதவீதத்துக்குச் சமமாக இருக்கும். விளக்கு தொங்கும் உயரம், தண்ணீரின் ஆழம், மேலே மூடியிருக்கும் கண்ணாடியில் படிந்த உப்பு என்று எல்லாமே வெளிச்சத்தைக் கூட்டும், குறைக்கும். பவளம் உட்கார்ந்திருக்கும் இடத்தில் எவ்வளவு விழுகிறது என்பதுதான் நமக்கு வேண்டும்.

அதற்கு பார் (PAR) மீட்டர் என்ற ஒளி அளக்கும் கருவி வைத்திருக்கும் யாரிடமாவது ஒரு நாளைக்கு இரவல் கேள். பவளத்தின் திசுவுக்குள் குடியிருக்கும் நுண்பாசி உணவு தயாரிக்க எடுத்துக்கொள்ளும் ஒளியை, அதாவது 400 முதல் 700 நானோமீட்டர் வரை உள்ளதை, அது எண்ணிச் சொல்லும். கண்ணை மட்டும் நம்பாதே. நம் கண் பச்சைக்கும் மஞ்சளுக்கும்தான் கூர்மை. நீல விளக்கு மட்டும் எரியும்போது தொட்டி மங்கலாகத் தெரியும், ஆனால் பாசிக்கு அது நல்ல விருந்து. சாதாரண வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் மீட்டரும் மனிதக் கண்ணுக்காகச் செய்ததுதான், நீல வெளிச்சத்தில் குறைத்துக் காட்டிவிடும்.

என் அனுபவத்தில், மஷ்ரூம் வகைப் பவளத்துக்கு பார் மீட்டரில் 50 முதல் 100 வரை போதும். ஹேமர், டார்ச் போன்ற சதைப்பற்றான பவளங்களுக்கு 80 முதல் 150. அக்ரோபோரா மாதிரி சிறு பாலிப் (பவளத்தின் தனி உயிர்) வகைகள் 200-க்கு மேல் கேட்கும், பழகிவிட்டால் 350 வரைகூடத் தாங்கும். உச்சிவெயிலில் கடல் மேற்பரப்பில் 2000 வரை விழுகிறதே என்று நினைக்காதே. அது சில மணி நேரத்துக்குத்தான், ஆழம் கூடக் கூடக் குறைந்துகொண்டே போகும். நம் விளக்கோ எட்டுப் பத்து மணி நேரம் ஒரே அளவில் எரிகிறது.

போன வருஷம் எனக்கு நடந்ததை உனக்குச் சொல்லவே இல்லை. தண்ணீர் லேசாக மஞ்சளடித்திருந்தது. ஒரே நாளில், தண்ணீரின் நிறத்தை உறிஞ்சும் கரியான ஆக்டிவேட்டட் கார்பனை நிறையப் போட்டேன். இரண்டு நாளில் தண்ணீர் பளிங்கு மாதிரி ஆயிற்று. விளக்கை நான் தொடவே இல்லை, ஆனால் அந்த மஞ்சள் நிறம் இத்தனை நாளாக நீல ஒளியை விழுங்கிக்கொண்டிருந்தது எனக்கு உறைக்கவில்லை. ஐந்தாம் நாள் காலை நாலு தலை உள்ள ஹேமர் பவளம் விரியவே இல்லை. நுனியின் பச்சை வெளிறி, ஒரு தலையில் சதை பின்வாங்கி, எலும்புக்கூட்டின் வரிவரியான விளிம்பு வெள்ளையாகத் துருத்திக்கொண்டு நின்றது. வெளிச்சம் அளவு மீறினால் பாசி நச்சு ஆக்சிஜனை உண்டாக்கும், பவளம் அதைத் தாங்காமல் பாசியையே வெளியேற்றிவிடும். விளக்கைக் குறைத்து நிழலுக்கு மாற்றினேன். இரண்டு தலைகள்தான் பிழைத்தன. இன்றைக்கும் அந்த இடத்தைப் பார்த்தால் மனசு கனக்கிறது.

அதனால்தான் சொல்கிறேன், குறைவிலிருந்து தொடங்கு. இப்போது உன் பழைய விளக்கில் என்ன அளவு விழுகிறது என்று முதலில் அளந்துவிடு. புது விளக்கை அதே அளவுக்கு, அல்லது கொஞ்சம் குறைவாகவே வைத்துவிட்டு, வாரத்துக்கு 5 சதவீதம் வீதம் ஏற்று. வெளிச்சம் போதாவிட்டால் பவளம் பழுப்பேறும், வெளிச்சத்தைத் தேடி நீளும். அதைப் பொறுமையாகச் சரிசெய்யலாம். வெளுத்துப்போனதைத் திரும்பக் கொண்டுவருவது பெரும்பாடு. அப்புறம், ஒரே வாரத்தில் இடத்தையும் மாற்றி விளக்கையும் ஏற்றாதே. எது காரணம் என்றே தெரியாமல் போய்விடும்.

இன்னொன்று. வெளிச்சம் கூடினால் வளர்ச்சியும் கூடும், பவளம் எலும்புக்கூடு கட்ட எடுத்துக்கொள்ளும் அல்கலினிட்டி (தண்ணீரின் காரத்தன்மை அளவு) வேகமாக இறங்கும். அதை வாரம் இரண்டு முறையாவது அளந்து பார். தண்ணீரில் பவளத்துக்குச் சத்தான நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யத்தில் கிடந்தால் விளக்கை ஏற்றவே வேண்டாம், பட்டினி கிடக்கும் பவளம் சீக்கிரம் வெளுக்கும்.

அளக்கும்போது பம்புகள் ஓடட்டும். அலையில் எண் ஆடிக்கொண்டே இருக்கும், சராசரியை எடுத்துக்கொள். மேல் பாறை, நடு, மணல், இரண்டு ஓரங்கள் என்று ஐந்து இடங்களில் அளந்து, ஒரு படம் போட்டு எண்களைக் குறித்து அனுப்பு. உன் டார்ச் பவளத்தை எங்கே வைக்கலாம் என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன். அதுவரை அது மணலிலேயே இருக்கட்டும்.

அன்புடன்,
உன் நண்பன்