பென்சில் குறி வெச்ச எடம்

கண்ணு, அப்பன் எழுதறேன். ஜெயில்ல லெட்டரைப் பிரிச்சுப் படிச்சுட்டுத்தான் உனக்குக் குடுப்பாங்கன்னு தெரியும், படிக்கட்டும். செவலை கன்னு போட்டிருக்குது, காளைக்கன்னு. மஞ்சள் வேவிச்சுக் காயப் போட்டாச்சு. வேற சேதி இல்ல.

வக்கீலு உனக்காக வாதாட நீ சம்மதிக்கற வக்காலத்துத் தாளைக் குடுத்தனுப்புனேன், அப்படியே திரும்பி வந்துருச்சு. நீ கையெழுத்துப் போடற எடத்துல வக்கீலு பென்சில்ல வெச்ச பெருக்கல் குறி மட்டும் இருக்குது. உனக்கு வெளங்கலையாட்ட இருக்குதுன்னு அவரு சொன்னத எழுதறேன். தீர்ப்பு வந்து இன்னியோட 41 நாளு. ஐகோர்ட்டுக்கு 60 நாளுக்குள்ள அப்பீல் போடணும், தீர்ப்பு நகலுக்குக் காத்திருந்த நாளைக் கழிச்சுக்குவாங்களாம், ஆனா அதை நம்பி உக்காந்திருக்காத. நம்ம ஜில்லாவுக்கு மதுரை இல்ல, சென்னைதான். அப்பீல் போட்டா விடுதலையும் ஆகலாம், மறுபடி விசாரின்னு கீழ்க் கோர்ட்டுக்கே திருப்பியும் அனுப்பலாம், இருக்கறதே செரின்னும் சொல்லலாம். நம்ம வக்கீலு நம்பறது வேற, வெட்டு பட்டது கையில, கொல்லற நெனப்பு இல்லைன்னு எடுத்துச் சொன்னா, பழைய தண்டனைச் சட்டத்துல கொலை முயற்சிங்கற 307 போயி, ஆயுதத்தால கொடுங்காயம்ங்கற 326 ஆகி, உனக்குப் போட்ட 7 வருசமும் கொறையலாம்ங்கறாரு. நாம போடற அப்பீல்ல தண்டனையக் கூட்ட முடியாது, கூட்டணும்னா சர்க்காரு தனியா கேக்கணும். அப்பீல் முடியற வரைக்கும் தண்டனைய நிறுத்தி வெச்சு ஜாமீன்ல விடச் சொல்லி மனுவும் போடலாம். எல்லாத்துக்கும் மொதல்ல உன்ற கையெழுத்து வேணும்.

காசுக்குப் பாக்காத. ஆகலைன்னா சட்டப்பணிக் குழுவுல உள்ள இருக்கறவங்களுக்குச் சும்மாவே வக்கீல் வெச்சுக் குடுப்பாங்க. உங்கம்மா கோயில்ல பூ வாக்குக் கேட்டா, நல்லதுன்னு வெள்ளைப்பூ வந்துச்சு. பூவா வந்து கையெழுத்துப் போடும்?

போன தடவை மனுப் போட்டு உன்னைப் பாக்க வந்தப்ப எம் மூஞ்சியவே பாக்கல நீ. ரெண்டு பஸ்ஸு மாறி வர்றவனுக்கு எப்புடி இருக்கும். ஆனா ஒண்ணு, கூண்டுல நிக்கறப்பக்கூட எம் பேரை நீ இழுக்கல, ஊரே சொல்லுது.

இழுத்திருக்கலாம். மொத நா ராத்திரி நீ சோத்துல கை வெச்சிருக்கறப்ப, 'நம்ம முறைத்தண்ணிய அவன் திருப்பிட்டுப் போறான், நீ தின்னுட்டுப் படு'ன்னு சொன்னது நான். திங்கறப்ப ஏனுங்கன்னா உங்கம்மா. நீ தட்டுலயே கை கழுவிட்டு எந்திரிச்சே. எங்கிட்ட யாரும் அதைக் கேக்கல, நானும் சொல்லல, நீ உள்ள நிக்கறப்ப கோர்ட்டு வெளிய டீ குடிச்சுட்டிருந்தேன்.

அவனுக்குக் கை இன்னும் மடக்க வரல, நேத்து பஸ்ல பாத்தேன்.

செவ்வாக்கெழமை வாரேன். பேசலைன்னாலும் செரி. குறி அழிஞ்சுராம வக்காலத்தை அட்டைக்குள்ள வெச்சிருக்கறேன்.

அப்பன்