மரத்தடியில் மூன்றடி மண் விடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கோடை வந்தால் போதும், மரக்கன்று நடுங்கள் என்று எல்லாரும் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். நடட்டும், நல்லதுதான். ஆனால் வேலூரில் ஏற்கெனவே வீட்டுக்கு வீடு நிற்கிற வேம்பு, தென்னை, மா, முருங்கையை நாமே கொஞ்சம் கொஞ்சமாகச் சாகடித்துக்கொண்டிருக்கிறோம், அதைப் பற்றி யாரும் எழுதக் காணோம். சுற்றிலும் பாறை மலை, வருஷத்தில் பாதி நாளுக்கு மேல் வெறும் மணலாகக் கிடக்கிற பாலாறு, கத்திரியில் நாற்பது டிகிரியைத் தாண்டுகிற வெயில். இப்படிப்பட்ட ஊரில் வளர்ந்த வேப்பமரம் ஒன்று போனால் அந்த நிழலுக்கு ஒரு கன்று எந்தக் காலத்தில் ஈடாகும்?

முதல் குற்றவாளி சிமெண்ட். சத்துவாச்சாரி, காந்தி நகர், பாகாயம், எந்தப் பக்கம் வேண்டுமானாலும் ஒரு சுற்றுப் போய் வாருங்கள். புது வீடு கட்டினவர்களும் பழைய வீட்டைப் புதுப்பித்தவர்களும் வாசல்படியிலிருந்து காம்பவுண்ட் சுவர் வரைக்கும் பேவர் பிளாக்கோ டைல்ஸோ போட்டு, மரத்தின் அடியில் நாலு விரல் இடம்கூட விடாமல் பூசிவிடுகிறார்கள். கேட்டால், மண் இருந்தால் வீட்டுக்குள் தூசி வருகிறது என்கிறார்கள். வேருக்குத் தண்ணீர் வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும், காற்றும் வேண்டும் என்பதுதான் மறந்துபோகிறது. தண்ணீரையும் சத்தையும் உறிஞ்சுகிற மெல்லிய வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில், ஒன்றிரண்டு அடி ஆழத்துக்குள்தான் இருக்கிறது, அதுவும் தண்டை ஒட்டி இல்லை, கிளை எவ்வளவு தூரம் பரந்திருக்கிறதோ அந்த விளிம்பு வரைக்கும், அதைத் தாண்டியும் போயிருக்கும். நாம் மூடுவது சரியாக அந்த இடத்தைத்தான். பூசின உடனே மரம் எதுவும் காட்டிக்கொள்ளாது. சில வருஷம் கழித்து உச்சிக் கிளை காயும், இலை சிறுக்கும், அப்போது பூச்சி விழுந்துவிட்டது என்று மருந்துக்கடைக்கு ஓடுவோம். டெல்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் போட்ட சிமெண்டை எடுக்கச் சொல்லி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-லேயே உத்தரவு போட்டது. அது பொது இடத்து மரங்களுக்கு. நம் வீட்டு மரத்துக்கு நாம் தானே தீர்ப்பாயம்?

தண்ணீர் விஷயத்திலும் இதே கதை. தினமும் ஒரு குடம் கொண்டுபோய்த் தண்டின் மேலேயே ஊற்றினால் தண்டு நனையும், அவ்வளவுதான். தள்ளி வட்டப்பாத்தி கட்டி (தென்னைக்குத் தண்டிலிருந்து எல்லாப் பக்கமும் ஆறடி தூரம் என்பது வேளாண் துறையினர் சொல்கிற கணக்கு), மண் ஆழமாக ஊறும்படி வாரம் ஒருமுறை, வெயில் உச்சத்தில் இரண்டு முறை விட்டு, மேலே சருகோ தேங்காய் மட்டையோ பரப்பிவிட்டால் ஈரம் நிற்கும். அந்தச் சருகைத்தான் நாம் மாசி, பங்குனியில் வேம்பு இலை உதிர்க்கும்போது கூட்டிச் சேர்த்து, அதே மரத்தின் அடியில் கொளுத்துகிறோம்! தீயில் பட்டை வெந்துபோனால் அதன் உள்பக்கமாக ஓடுகிற உணவுக் குழாய்களும் போச்சு. அப்புறம் ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறுகிற கழிவுநீர். வீணாகிறதே என்று குழாய் வைத்து நேராக மாமரத்துக்கு விடுகிறவர்கள் இருக்கிறார்கள். நம் போர் தண்ணீரே உப்பு, அதிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அந்தக் கழிவில் இன்னும் கெட்டியாக இருக்கும். தென்னை ஓரளவு தாங்கும், மா தாங்காது, இலை ஓரம் கருகும். வாசல் கழுவ வைத்துக்கொள்ளுங்கள்.

வெட்டுவதற்கு வருவோம். ஒயரில் இடிக்கிறது, பக்கத்து வீட்டில் இலை விழுகிறது என்று ஆளைக் கூப்பிட்டு மரத்தை மொட்டையடிக்கிறோம். உச்சியை வெட்டினால் மரம் அடங்கிவிடும் என்பது தப்புக் கணக்கு. வெட்டின இடத்திலிருந்து கொத்துக்கொத்தாகத் துளிர்த்து வேகமாக வளரும், ஆனால் அந்தக் கிளைகளுக்குப் பிடிமானம் குறைவு, அடுத்த புயலில் முறிவது அவைதான். இடைஞ்சலான கிளையை மட்டும், அது தண்டில் சேர்கிற இடத்தில் இருக்கிற தடிப்பை விட்டுவிட்டு, ரம்பத்தால் அறுத்தால் காயம் தானாக மூடிக்கொள்ளும். கத்தியால் கொத்தி முழ நீளத்துக்குக் கட்டை விட்டால் அது உளுத்து உள்ளே இறங்கும். மாவுக்குக் காய்ப்பு முடிந்த பிறகு, ஆவணி வாக்கில் கவாத்து. முருங்கைக்கு இந்த விதியெல்லாம் கிடையாது, காய் முடிந்ததும் மூன்றடி உயரத்தில் தைரியமாக வெட்டலாம், மறுபடி தழைத்து வந்துவிடும்.

2016-ல் வர்தா, 2022-ல் மாண்டஸ் என்று வடமாவட்டங்களுக்குப் புயல் புதிதல்ல. சாய்கிற மரத்தைத் திட்டுகிறோம், காம்பவுண்டுக்கும் செப்டிக் டேங்குக்கும் பள்ளம் எடுத்தபோது ஒரு பக்கத்து வேரை முழுக்க அறுத்தது நம் நினைவில் இருப்பதில்லை.

மாநகராட்சிக்கு ஒரு வேண்டுகோள். கட்டட அனுமதி கொடுக்கும்போது மனையில் இருக்கிற மரத்தையும் வரைபடத்தில் காட்டச் சொல்லி, சுற்றிலும் மூன்றடி மண்ணாக விடவேண்டும் என்று ஒரு நிபந்தனை சேர்த்தால் செலவு ஒன்றும் இல்லை. தெருவில் பேவர் பிளாக் போடும் ஒப்பந்தக்காரர்களுக்கும் அதையே சொல்லலாம். வீட்டுக்காரர்கள் மேஸ்திரியிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால் அவரும் விட்டுத்தான் கட்டுவார். ஏற்கெனவே பூசிவிட்டவர்கள் மழைக்கு முன்னால் உடைத்துவிடலாம். ஆனால் மெஷின் வைத்து உடைக்காதீர்கள், மேலாக ஓடுகிற வேர் அடிபடும், சுத்தியலும் உளியும் போதும். உடைத்த இடத்தில் செம்மண்ணும் மக்கின எருவும் லேசாகப் போடுங்கள், தண்டின் கழுத்தை மூடுகிற அளவுக்குக் குவிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.