டேங்கு கிளாம்ப்பை பளபளப்ப பாத்து வாங்காதீங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்க பேப்பர்ல சின்ன முதலீட்டுல சோடா, கலர் தண்ணி தொழில் எப்படி ஆரம்பிக்கிறதுன்னு ஒரு பக்கம் வந்துச்சு, நல்லாத்தான் எழுதியிருந்தாங்க, ஆனா பழைய எவர்சில்வர் டேங்கு வாங்கி கேஸ் ஏத்திக்கலாம், கிளாம்ப் எந்த கடையிலயும் கிடைக்கும்னு ஒரே வரில முடிச்சிட்டாங்க பாருங்க, அந்த ஒரு வரிக்குத்தான் இந்த கடுதாசி.

நான் சுங்கை சிப்பூட் பக்கம் செம்பனை ஆலைல பிட்டரா இருந்து ரிட்டையர் ஆனவன். எங்க ஆலைல பழக்குலைய அவிக்கிற ஸ்டெரிலைசர் 3 பார் ஸ்டீம்ல ஓடும், உள்ள பிரஷர் இருக்குற வரைக்கும் அதோட கதவ எவனாலயும் திறக்க முடியாது, அப்படி பூட்டு வச்சிருப்பாங்க. டேங்கு வாயையும் மூடியையும் சேத்து கவ்வுற ரெண்டு பாதி வளையம்தான் இந்த சேனிட்டரி கிளாம்ப், இதுல அந்த பூட்டு கிடையாது. பால் கம்பெனி, ஜூஸ் கம்பெனில தினமும் கழட்டி கழுவுறதுக்காக வந்த சாமான் அது, கையால நட்ட திருகுனா கழண்டு வந்துரும், உள்ள காத்து இருக்கா இல்லையான்னு அதுக்கு தெரியாது.

என் தங்கச்சி மகன் கடைத்தெருவுல கூலிங் தண்ணி வியாபாரம் பண்றான். நாலு இஞ்ச் மூடி வச்ச டேங்குல சிஓ2 ஏத்துவான், அதுவும் 3 பார்தான். ஒருநாள் காலையில மூடி பிச்சிக்கிட்டு போய் சிங்க் கூரைய ஓட்டை போட்டுருச்சு. நல்லவேளை அவன் டீ குடிக்க போயிருந்தான். நான் போய் பாத்தா, "நட்டு டைட்டாத்தான் மாமா இருந்துச்சு"ங்குறான். கிளாம்ப்ப கையில எடுத்து பாத்தேன், ரெண்டு பாதியோட காதும், அதாவது நட்டு மாட்டுற முனையும், ஒண்ணோட ஒண்ணு முட்டி அந்த இடம் மட்டும் தேஞ்சு பளபளன்னு இருக்கு. அங்கதான் விஷயம். ரெண்டு காதுக்கும் நடுவுல எப்பவும் கொஞ்சம் இடைவெளி இருக்கணும், முட்டிக்கிட்டா நீங்க திருகுறது காத காதோட இறுக்குறது, மூடிய இல்ல, நட்டு மட்டும் கல்லு மாதிரி டைட்டா இருக்கும். ஆன்லைன்ல வாங்குனதாம், சைசும் கொஞ்சம் பெருசு, தகடும் மெல்லிசு, மேல ஒரு எழுத்து கூட கிடையாது.

3 பார் என்ன பெரிய பிரஷரான்னு கேப்பீங்க. நாலு இஞ்ச் மூடிக்கு உள்பக்கம் கிட்டத்தட்ட 75 சதுர சென்டிமீட்டர், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர்லயும் 3 கிலோ தள்ளுது, கணக்கு போட்டா 225 கிலோ, நாலு மூட்டை சிமெண்டுக்கு மேல. அதே 3 பார்ல ஒன்றரை இஞ்ச் மூடிக்கு முப்பது கிலோதான். அதனாலதான் சைசு பெருசாக பெருசாக கிளாம்ப் தாங்குற பிரஷர் குறையும், சூடான பைப்புல இன்னும் குறையும். வாங்கும்போது உங்க சைசுக்கு, உங்க சூட்டுக்கு எவ்ளோன்னு மேக்கர் போட்ட பேப்பர கேளுங்க, பேப்பர் இல்லேன்னா கேஸுக்கு அது வேண்டாம். கீல் ஒண்ணு, பட்டர்பிளை நட்டு ஒண்ணு வச்சது லேசான வேலைக்கு. ரெண்டு பக்கமும் போல்ட் வச்ச கனமான கிளாம்ப் விலை ஜாஸ்திதான், ஆனா ஸ்பேனர் இல்லாம கழண்டு வராது, மூணாம் ஆள் வந்து விளையாட்டா திருகிட முடியாது பாருங்க.

சில பேரு தண்ணில டெஸ்ட் பண்ணோம் ஒண்ணும் ஆகலைங்குறாங்க. தண்ணில டெஸ்ட் பண்றதுதான் சரி, காத்து ஒரு சொட்டு இல்லாம ரொப்பி ஓடப்போற பிரஷருக்கு ஒன்றரை மடங்கு ஏத்தி பாக்கலாம், தண்ணி லேசா கசிஞ்சாலே பிரஷர் படுத்துரும். கேஸ் அப்படி இல்ல, அது சுருக்கி வச்ச ஸ்பிரிங்கு, விட்டுச்சுன்னா கடைசி வரைக்கும் தள்ளிக்கிட்டே வரும்.

மூடிக்கும் டேங்கு வாய்க்கும் நடுவுல கசியாம இருக்க வைக்கிற வளையம், அந்த கேஸ்கெட்டும் பாக்கணும். வெள்ளையா மெத்துன்னு இருக்கே சிலிக்கான், அதுக்குள்ள கேஸ் மெதுவா ஊடுருவி போகும். ஈபிடிஎம்ங்கிற ரப்பர் தண்ணிக்கு சிஓ2-க்கு சரி, எண்ணெய் பட்டா உப்பிடும். டெப்லான் போட்டா அது நாளாக நாளாக நசுங்கி கொடுக்கும், அதனால மறுநாள் பிரஷர இறக்கிட்டு திரும்ப ஒருதடவ இறுக்கணும்.

இன்னொண்ணு, நம்ம ஊரு வெயில்ல 30 டிகிரில சிஓ2 சிலிண்டருக்குள்ள 70 பார் கிட்ட இருக்கு. அதுக்கும் உங்க டேங்குக்கும் நடுவுல இருக்குறது பிரஷர குறைச்சு விடுற ஒரே ஒரு ரெகுலேட்டர். அது கெட்டுப்போனா என்ன ஆகும்னு யோசிச்சு, டேங்குலயே ஒரு சேப்டி வால்வு வைங்க, கிளாம்ப், உள்ள பாக்குற கண்ணாடி, ஓஸ் எல்லாத்துலயும் எது கம்மியா தாங்குமோ அதுக்கும் கீழ செட் பண்ணி. பழைய பேக்டரி சட்டம் போய் 2024 ஜூன் 1-லருந்து இந்த பிரஷர் சாமானெல்லாம் 1994 வேலையிட பாதுகாப்பு சட்டத்துக்குள்ள வந்துருச்சு, உங்க டேங்குக்கு சி.எஃப்.ங்கிற தகுதி சர்டிபிகேட் வேணுமா வேணாமான்னு வாங்குறதுக்கு முன்னாடியே டோஷ் ஆபீஸ்ல, அதான் வேலையிட பாதுகாப்பு இலாகாவுல, கேட்டுருங்க.

அப்புறம் கழட்டுறப்ப மீட்டர் பூஜ்யம் காட்டுதுன்னு நம்பிராதீங்க, மீட்டரும் பொய் சொல்லும், கீழ வால்வ திறந்து விட்டு சத்தம் அடங்குன பிறகு கை வைங்க, மூடிக்கு நேரா மூஞ்ச வைக்காம.

மருமகன் இப்ப போல்ட் கிளாம்ப் மாட்டிட்டான். பழசு என் மோட்டோ கூடையிலதான் கிடக்கு, உங்க நிருபர் இந்தப் பக்கம் வந்தா காட்டுறேன், அந்த தேஞ்ச காத போட்டோ எடுத்து போடுங்க.

இப்படிக்கு,
பழைய ஆலை பிட்டர்,
சுங்கை சிப்பூட், பேராக்.